சஹனில் சொன்ன வைத்தியம்

மூன்றாம் வருடப் பல் வைத்திய மாணவி என்றால் எங்கள் சாய்ந்தமருதில் முழு டொக்டர்தான். கம்பஸ் கிடைத்த கிழமையே பள்ளிவாசல் ரோட்டில் என் படத்தோடு பெனர் கட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் யாராவது ஒருத்தி வாயைத் திறந்து காட்டாமல் விடமாட்டாள். நானும் சும்மா இருந்தேனா? எல்லா வாயையும் பார்த்தேன், எல்லாவற்றுக்கும் வைத்தியம் சொன்னேன். அரைக்குடம் தளும்பத்தானே செய்யும்.

ஹஜ்ஜுப் பெருநாள் லீவில் மாமா மகனின் கல்யாணம். பெண்கள் ஆறு பேர் ஒரு பெரிய சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். எனக்கு எதிரே உம்மாவின் தங்கச்சியான சாச்சியின் மகள் முஸ்பிறா. அவள் சிரித்தால் பல்லுக்கு மேலே முரசு, அதுதான் ஈறு, முழுக்கத் தெரியும். அந்தச் சிரிப்போடுதான் இருபது வயது வரைக்கும் வீட்டையே கலகலப்பாக வைத்திருந்தாள். அவளைப் பெண் பார்க்க ஆட்கள் வரப்போவதாகவும் பேச்சு இருந்தது. அன்றைக்கும் எதற்கோ வாய்விட்டுச் சிரித்தாள். எனக்கு என்ன வந்ததோ தெரியாது. வலது கை முழுக்கச் சோறு. இடது கையால் அவள் நாடியைப் பிடித்து முகத்தை நிமிர்த்தி, உதட்டைத் தூக்கிப் பார்த்தேன்.

"இது ஒரு குறைதான். லேசரால முரசக் கொஞ்சம் வெட்டினாச் சரி. அரை மணித்தியால வேல."

சாச்சி அல்ஹம்துலில்லாஹ் சொன்னார். குடும்பத்துக்குள்ளேயே டொக்டர் இருக்கும்போது நமக்கென்ன கவலை என்று பக்கத்துச் சஹனுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சத்திரசிகிச்சையைப் பற்றி எனக்குத் தெரிந்தது விரிவுரையில் ஓடிய ஒரேயொரு படம். அதுவும் பின்வரிசையில் இருந்து பார்த்தது.

கம்பஸ் திரும்பி இரண்டு மாதத்தில், கடைசி வருடத்து சியாம் நானா எங்கள் வகுப்புக்குப் படிவம் கொடுத்தார். முரசை அழகாக்கும் சத்திரசிகிச்சை பற்றி மாணவர்களுக்கு எவ்வளவு தெரியும் என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. இருபது கேள்வி. சிரிக்கும்போது முரசு தெரிவதற்கான காரணங்கள் எவை என்ற முதல் கேள்வியிலேயே என் பேனா நின்றுவிட்டது. காரணங்களா? ஒன்றுதான் என்றல்லவா நினைத்திருந்தேன்!

இருபதில் நான்கு சரி. சியாம் நானா பொறுமையாக விளக்கினார். மேலுதடு கட்டையாக இருக்கலாம், மேல்தாடை எலும்பு நீண்டிருக்கலாம். அப்படிப்பட்டவர்களுக்கு முரசை வெட்டினாலும் சிரிப்பு மாறாது. வேர் வெளியே வந்து பல் கூசுவதுதான் மிச்சம். எலும்பை அளக்காமல் கை வைக்கவே கூடாது என்றார்.

உடனே ஃபோனில் சாச்சிக்குக் கோல் எடுத்தேன். வருகிற செவ்வாய்க்கிழமை முஸ்பிறாவுக்குக் கொழும்பில் வெட்டு என்றார். அங்கே யாரோ எக்ஸ்ரே பேச்சை எடுத்தார்களாம். எங்கள் டொக்டரே பார்த்துவிட்டார் என்று சாச்சி அடித்துச் சொல்லிவிட்டாராம். அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஊர் என்ன சொல்லும், உம்மாவின் முகம் எப்படிப் போகும் என்றுதான் யோசித்தேன். அவளுடைய முரசை வெட்டப் போகிறார்கள், நான் என் மானத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இரண்டு நாள் இருந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

ஞாயிறு காலை பஸ் ஏறி ஊருக்கு வந்தேன். சாச்சி வீட்டில் அக்கம்பக்கத்துப் பெண்களும் இருந்தார்கள். நல்லதுதான். எல்லோர் முன்னாலும் சொன்னதை எல்லோர் முன்னாலும்தானே திருப்பி எடுக்கவேண்டும்.

"எனக்குத் தெரியா சாச்சி. தெரியாமத்தான் செல்லிட்டன். வெட்ட வேணாம். படிச்சு முடிச்ச டொக்டர் ஒராள் அளந்து பாத்துச் செல்லட்டும்."

காது இரண்டும் கொதித்தன. தன் கடைவாய்ப் பல்லுக்கு நான் சொன்ன வைத்தியமும் இப்படித்தானா என்று ஒருத்தி கேட்டாள். ஓம் என்றேன். சாச்சி தேத்தண்ணி ஊற்ற எழுந்து போனார். போகும் வழியில் கொழும்புக்குக் கோல் எடுத்து, வரவில்லை என்று சொன்னதும் கேட்டது.

அப்பாடா என்று முஸ்பிறாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவளைச் சிரிக்க வைக்கவென்று, இருபதுக்கு நான்கு எடுத்த கதையைச் சொன்னேன். சிரித்தாள். சிரிக்கும்போதே முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். கையை எடுடி, உனக்கு ஒன்றுமே இல்லை என்றேன்.

"நீங்க குறையெண்டு செல்லுறவரைக்கும் எனக்கு ஒண்டுமில்லத்தான் ராத்தா" என்றாள். கையை எடுக்கவில்லை.