கயானோ யாரால் ஜெயித்தாள்?

மீனை அரைத்து வேகவைத்து விற்கிற கம்பெனி எங்களுடையது. கம்பெனி அணிக்காக ஓடிய கயானோ மாரத்தானில் நாடறிந்த வீராங்கனை ஆனதும், கடலில் மீன் நீந்துவதே தன் உத்தரவால்தான் என்ற நினைப்பு எங்கள் தலைவர் ஒகிட்சுவுக்கு வந்துவிட்டது. அவள் முகத்தை மீன் பொட்டலத்தில் ஒட்டினார், பேருந்தில் ஒட்டினார். நகராட்சிக் கழிவறைக் கதவைக்கூட விடவில்லை.

பாவம், ஓடி ஓடி அவளுக்கு இடுப்பெலும்பில் விரிசல். "போதும் சார், நிறுத்திக்கிறேன்" என்று பயிற்சியாளர் தெராமொத்தோவிடம் கெஞ்சினாள்.

"அடுத்த பந்தயம் முடியட்டும்மா" என்பான் அந்த மகானுபாவன். எந்தப் பந்தயத்துக்குத்தான் அடுத்தது இல்லை?

நகோயாவிலும் ஜெயித்தாள். ஓட்டலில் பாராட்டு விருந்து. ஓய்வு பெற்றவன் என்றாலும் ஓசி பீரை விடுவேனா? போய்க் கயானோவுக்கு எதிரிலேயே உட்கார்ந்தேன். கோப்பையில் ஊற்றிவிட்டார்கள். ஆனால் ஒருவர் எழுந்து 'கன்பாய்' என்று வாழ்த்துச் சொல்லும்வரை ஒரு சொட்டு நாக்கில் படக்கூடாதே!

"எங்க மீனைத் தின்ன கால்யா அது!" என்றார் ஒகிட்சு. அந்த மீன் வாடைக்கே அவள் வாந்தியெடுப்பாள்.

"எங்க ஊர் மேட்டுல ஏறி வளர்ந்த நுரையீரல்!" என்றார் மேயர். அந்த மேட்டை வெட்டி வண்டி நிறுத்துமிடம் கட்டிய புண்ணியவான் அவரேதான்.

"நான் திட்டாத நாளே இல்லை!" என்று தெராமொத்தோ மார்தட்டினான்.

பீரின் நுரை செத்து, கருமாதியும் முடிந்திருக்கும். பக்கத்தில் இருந்த பொட்டலப் பிரிவு தோக்கியே என் காதைக் கடித்தாள்: "இன்னும் ஒருத்தன் பேசினா, தட்டுல இருக்கற மீன் எழுந்து வீட்டுக்குப் போயிடும்ணே."

வாழ்த்துச் சொல்வது மூத்தவர்களின் உரிமை. ஆனால் தொலைக்காட்சிக்காரர்களைப் பார்த்ததும் ஒகிட்சுவுக்குப் புத்தி பிசகியது. "நம்ம பொண்ணே சொல்லட்டும்!" என்றார்.

கயானோ கோப்பையைத் தூக்கினாள். மண்டபமே எழுந்து நின்றது.

"தலைவர் மீன் குடுத்தாரு, மேயர் மேடு குடுத்தாரு, சார் திட்டு குடுத்தாரு. நான் சும்மா ஓடினேன். உங்க எல்லார் தயவுலயும் இன்னையோட ஓட்டத்தை நிறுத்திக்கிறேன். கன்பாய்!"

"கன்பாய்!" என்று கூரை பிளக்கக் கத்தினோம். எல்லோரையும்விட உரக்கக் கத்தியவர் ஒகிட்சு. ஒரே மடக்கில் குடித்துவிட்டு, வழக்கப்படி கைதட்டினோம். பீர் வயிற்றில் இறங்கிய பிறகுதான் பேச்சு மண்டையில் ஏறியது.

"என்ன சொன்னா அவ?" ஒகிட்சுவின் மீசையில் நுரை.

"நிறுத்திக்கறாங்களாம் தலைவரே. நீங்கதான் வாயார வாழ்த்திட்டீங்களே, ஊரே டிவில பாத்துச்சு" என்றாள் தோக்கியே.

கேமரா திரும்பியது. ஒகிட்சு பல் வலிக்காரன் போலச் சிரித்தார். "ஏம்மா, அடுத்த..." என்று தெராமொத்தோ ஓடினான். வாழ்நாளில் அவன் ஓடி நான் பார்த்தது அன்றுதான்.

கயானோ நிமிரவே இல்லை. வாய் நிறைய இறால் வறுவல். மென்றுகொண்டே என் தட்டைப் பார்த்தாள்.

"அண்ணே, அதை நீங்க சாப்பிடலைன்னா இப்படித் தள்ளுங்க."