ஈசான்ய மூலைக் கதவு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று என் கணவர் ஆசிஃப் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். அன்று காலை தி.நகர் கடையின் மூன்றாம் மாடியில் நின்றபோது அந்தக் கோபம் எங்கே போய் ஒளிந்துகொண்டதோ தெரியவில்லை.

மாணிக்கவாசகம் அண்ணாச்சியின் புது ஜவுளிக்கடை அது. வரைபடம் போட்டது நான். கட்டடம் வரைபடப்படி இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டதும் நான். அழைப்பிதழில் ‘ஆர்க்கிடெக்ட் உம்மே ஹானி’ என்று அச்சடித்திருந்தார்கள். பெருமையாகத்தான் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு வந்தேன். வந்து பார்த்தால், பின்படிக்கட்டுக்குப் போகும் கதவை அடைத்துக்கொண்டு ஒரு மர மேடை. அதன்மேல் சாமி படங்கள், மாலை, எரிகிற குத்துவிளக்கு. போன வாரம் நான் பார்த்தபோது அங்கே ஒரு தூசி இல்லை.

முன்படிக்கட்டு கூட்டம் ஏறி இறங்க. பின்படிக்கட்டு, முன்னால் தீப்பிடித்தால் உயிரோடு வெளியே போக. இதைப் புரியவைக்க அண்ணாச்சியிடம் மாதக்கணக்கில் மல்லுக்கட்டியிருக்கிறேன். அந்த இடத்தில் இன்னும் எத்தனை அலமாரி போடலாம் என்றுதான் அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

“வாஸ்துக்காரர் சொன்னாரும்மா. ஈசான்ய மூலையில சாமி இருந்தாத்தான் யாவாரம் நிக்குமாம்” என்றார் அண்ணாச்சி, வாயெல்லாம் பல்லாக.

அலமாரியாக இருந்தால் அந்த நிமிடமே கத்தியிருப்பேன். சாமியை நகர்த்துங்கள் என்று நான் எப்படிச் சொல்வது? பாய் வீட்டுப் பெண் வந்து சாமி படத்தை எடுக்கச் சொன்னாள் என்று எவனாவது செல்போனில் ஒரு வீடியோ போட்டால் போதும், என் பிழைப்பில் மண்தான். பயமாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நடுங்கினேன்.

ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தேன். ஷட்டருக்கு வெளியே தெரு கொள்ளாத கூட்டம். இடுப்பில் பிள்ளையோடு பெண்கள், கைத்தடி ஊன்றியவர்கள். நல்ல நேரத்துக்குள் ஷட்டரைத் தூக்கிவிடுவார்கள். அத்தனை பேரும் இந்த மாடிக்குத்தான் வருவார்கள், தள்ளுபடி இங்கேதான்.

அண்ணாச்சியின் மனைவி சுந்தரவல்லி சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். அவரிடம் மெதுவாக, தடுமாறித் தடுமாறிச் சொன்னேன். சாமி படம் என்ற வார்த்தை மட்டும் வாயிலிருந்து வரவேயில்லை.

“இதுக்கா இப்படி வேர்த்து விறுவிறுத்து நிக்கிய?” என்றார் அவர். “அந்தப் பக்கம் தூக்கி வச்சுட்டாப் போச்சு. சாமி கோவிச்சுக்கிடாது.”

விளக்கை அணைத்து, படங்களை ஒவ்வொன்றாகக் கண்ணில் ஒற்றி எதிர்ச் சுவருக்குக் கொண்டுபோனார். இரண்டு பையன்கள் மேடையை நகர்த்தினார்கள். அப்பாடா என்று கதவைத் தள்ளினேன். ஓர் அங்குலம் நகர்ந்து நின்றுவிட்டது. இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தேன். படிக்கட்டு முழுக்கச் சேலை பண்டல்கள், கூரை வரைக்கும்.

“தீபாவளிச் சரக்கு வந்து எறங்கிருச்சு. குடோன்ல எடமில்ல” என்றார் அண்ணாச்சி. இப்போது சிரிப்பு இல்லை.

சாமியை முன்னால் வைத்து மறைத்தது இதைத்தானா? இதற்கா நான் அவ்வளவு நேரம் நடுங்கினேன்! மூக்குக்கு மேலே கோபம் வந்து உட்கார்ந்தது.

“இதைக் காலி பண்ணாம ஷட்டரைத் தூக்கினா, என் கையெழுத்தை வாபஸ் வாங்கறேன்னு இப்பவே எழுதிக் கொடுத்துடுவேன் அண்ணாச்சி.”

“நல்ல நேரத்துல வந்து இப்படிப் பேசுதியளே. கோபாலபுரத்துல எங்க புது வீடு கட்டுற வேலையும் ஒங்களுக்குத்தான்னு வாக்குக் குடுத்திருக்கேன். நெனப்பிருக்கா?”

“இருக்கு. முதல்ல படியைக் காலி பண்ணுங்க.”

அவர் என்னை முறைத்தார். பிறகு விற்பனைப் பெண்களைப் பார்த்துக் கையை ஆட்டினார். அவர்கள் கீழ்க்கதவு வழியாக ஏறி, பண்டல்களைச் சுமந்து சந்துக்குள் இறக்கினார்கள். நல்ல நேரம் போயேபோய்விட்டது. பிறகு ஷட்டர் ஏறியது, நாதஸ்வரம் கேட்டது, கூட்டம் உள்ளே பாய்ந்தது. என்னை யாரும் கூப்பிடவில்லை.

படி முழுக்கக் காலியா என்று பார்த்துக்கொண்டே பின்பக்கமாக இறங்கினேன். விட்டுப்போயிருந்த ஒரு பண்டலைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு பெண் கூடவே இறங்கினாள். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், பேச்சியம்மாள்.

“எக்கா, இங்கன ஒரு வழி இருக்கதே எங்க யாருக்கும் தெரியாதுக்கா” என்றாள். “வந்த நாள்ல இருந்து அந்த மாடியிலதான் நிக்கோம்.”

“இப்ப தெரிஞ்சுதுல்ல?”

“தெரிஞ்சு என்னக்கா? நீங்க அங்கிட்டுப் போனதும், திரும்ப அடுக்குங்கன்னுதான் சொல்லுவாவ.”

அப்படியெல்லாம் சொல்ல மாட்டார் என்று வாய் வரை வந்தது. சொன்னால் அது பொய். இப்போது பேசாமல் வீட்டுக்குப் போனால், நாலு நாளில் அண்ணாச்சியின் கோபம் ஆறிவிடும், கோபாலபுரம் வீடு எனக்கே வரும். என் ஆபீசில் இரண்டு பேர் அதில் வரும் பணத்தை நம்பி இருக்கிறார்கள். அந்த வேலை எனக்கு வேண்டும்தான்.

பேச்சியம்மாள் பண்டலை இறக்கிவிட்டு, கழுத்தைத் தேய்த்துக்கொண்டே மேலே ஏறினாள், அந்த மூன்றாம் மாடிக்கே.

படியிலேயே நின்று தீயணைப்பு அலுவலகத்துக்குப் போன் போட்டேன்.

“சார், ஆர்க்கிடெக்ட் உம்மே ஹானி பேசறேன். ஒரு கட்டடத்தைப் பத்திப் புகார் கொடுக்கணும். ஆமா சார், எழுதிக்கோங்க. கையெழுத்துப் போட்டது யாரா? நான்தான் சார்.”