எழுப்பிப் போட்ட மார்க்

பிரசவ வார்டில் அவருக்கு மார்க் சிஸ்டர் என்றுதான் பெயர். வலி மாத்திரைக்கு அடிமையாகி, மீள்வதற்கான சிகிச்சையில் இருக்கும் தாய்மார்களின் குழந்தைகள், பிறந்ததும் அந்த மருந்தைத் தேடித் தவிக்கும். நடுக்கம், தும்மல், ஓயாத அழுகை. ஒவ்வொன்றுக்கும் சிஸ்டர் மார்க் போடுவார். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கூட்ட வேண்டும். மூன்று தடவை எட்டைத் தொட்டால் குழந்தை மாடி அறைக்குப் போய்விடும், மருந்துச் சொட்டு ஆரம்பமாகும். பள்ளிக்கூடத்தில் மார்க் குறைந்தால் வம்பு. இங்கே கூடினால் வம்பு.

ஆறாம் கட்டில் பெண்ணின் மகளுக்கு இரண்டு எட்டு விழுந்தாயிற்று. அடுத்தது பிற்பகல் மூன்று மணிக்கு. காலையிலிருந்து அவள் பிள்ளையைக் கீழே விடவே இல்லை.

"மாடிக்குக் கொண்டுபோனா நானும் கூட இருக்கலாமா சிஸ்டர்?"

"அப்பப்ப வந்து பாத்துக்கலாம்மா."

அவள் முகம் செத்துப்போனது.

டாணென்று மூன்று மணிக்கு சிஸ்டர் அட்டையும் பேனாவுமாக ஆஜர். குழந்தை அம்மாவின் மார்பில் வாயைப் பிளந்துகொண்டு தூங்கியது. சிஸ்டர் வழக்கம்போல் உள்ளங்காலைச் சுண்டக் கையை நீட்டினார்.

"எதுக்கு சிஸ்டர் எழுப்புறீங்க?"

"மார்க் போடணும்ல?"

"தூங்குற புள்ளைய எழுப்பினா அழத்தானே செய்யும்? உங்கள எழுப்பினாலும் எட்டு வரும்."

சிஸ்டருக்குச் சுருக்கென்றது. ஏற்கெனவே விழுந்த இரண்டு எட்டும் எழுப்பிப் போட்டவைதான். பத்தொன்பது வருஷ சர்வீஸில் இது மண்டையில் ஏறவில்லையே என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது. நேரே டாக்டரிடம் போனார்.

"அதுவா எந்திரிக்கட்டும் டாக்டர். பால் குடிக்குதா, தூங்குதா, தூக்கினா அடங்குதான்னு பாத்தா போதாதா?"

டாக்டர் தலையைச் சொறிந்தார். "சரி, இன்னைக்கு அப்படியே பாருங்க. முடியலன்னா மருந்து குடுத்துத்தான் ஆகணும்."

நாலரைக்குக் குழந்தை தானாகவே கண் விழித்தது. லேசாக நடுங்கியது, சிணுங்கியது. அம்மா தூக்கியதும் அடங்கி, வயிறு முட்டக் குடித்துவிட்டு மறுபடி தூங்கிப்போனது.

"எத்தனை சிஸ்டர்?"

"நாலு. உன் புள்ள உங்கிட்டயேதான் இருக்கப்போவுது."

அவள் ஓவென்று அழுதாள். சிஸ்டருக்கு அங்கே நிற்க முடியவில்லை. போன வாரம் இதேபோல் எழுப்பி அவர் எட்டு போட்டு அனுப்பிய ஒரு குழந்தை இன்னும் மாடியில் தனியாகக் கிடந்தது. அதன் அம்மாவை போனில் பிடித்தார்.

"மாத்துத் துணி எடுத்துட்டு வாம்மா, புள்ளையோடவே தங்குற மாதிரி. டாக்டர்கிட்ட நான் பேசிக்கிறேன். தப்பு என்னோடது."