அளவெடுக்காமல் தைத்த சட்டை

1

இந்தக் கதை என்னுடையதல்ல. அக்கா மகள் பேருந்து நிறுத்தத்தில் என்னிடம் அழுதுகொண்டே சொன்னது. அவள் மூக்கைச் சிந்தி முடிப்பதற்குள் என் மனதில் முதல் வரி வந்துவிட்டது. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் வரியை விடவில்லை.

அந்த வரி இதுதான்: "பள்ளியின் தையல் அறையில் எல்லா மிஷின்களும் ஒரே நேரத்தில் கடகடக்கும்போது"

(அடித்துவிட்டேன். மிஷினைப் பற்றி எழுதினால் அக்காவைப் பற்றி எழுதுவதைத் தள்ளிப்போடலாம் என்ற கள்ளத்தனம்.)

இரண்டாவது: "என் அக்காவுக்கு இடது"

(இதுவும் நின்றுவிட்டது. கதைகளில் எத்தனையோ பெண்களின் மார்பைக் கூச்சமில்லாமல் வர்ணித்தவன் நான். அக்கா என்றதும் பேனா தரையைப் பார்க்கிறது.)

சரி, நேராகவே சொல்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் அக்காவின் இடது மார்பை அறுவை செய்து எடுத்துவிட்டார்கள். வீட்டில் அதற்கு 'கட்டி எடுத்தது' என்று பெயர். கட்டியோடு என்ன போனது என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அக்கா குளியலறைக் கதவைத் தாழிட்டு ஒரு முறை இழுத்தும் பார்ப்பாள். வெளியே கிளம்பும்போது பஞ்சை உருட்டி உள்ளே வைத்துக்கொள்வாள்.

2

அக்கா மகளை வீட்டில் வாண்டு என்போம். அப்போது பன்னிரண்டாவது படித்தாள், விருப்பப் பாடம் தையலும் துணியியலும். முதலில் அந்த வகுப்பை நாங்கள் எல்லாரும் கிண்டல் செய்தோம். நூலை எரித்து முகர்ந்து பார்த்து, காகிதம் எரிகிற வாடை வந்தால் பருத்தி, முடி கருகுகிற வாடை வந்தால் கம்பளி என்று அவள் சொல்ல ஆரம்பித்த பிறகு, என் சட்டை நுனிக்கு ஆபத்து வந்தது; கிண்டல் நின்றுவிட்டது.

இறுதிச் செய்முறைத் தேர்வுக்கு, வளர்ந்த பெண் ஒருவருக்கு மேல்சட்டை தைக்க வேண்டும். தைத்ததைப் போட்டுக்கொண்டு அவரே தேர்வறைக்கு வர வேண்டும். "நான் வரேன்டி" என்று அக்கா முந்திக்கொண்டாள். அளவெடுக்கும் டேப்பை அவள் யோசிக்கவில்லை.

மறுநாள் வாண்டு கழுத்தில் டேப்பைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தாள்.

"கையை விரிம்மா."

"எதுக்கு? என் சட்டை ஒண்ணு தரேன். அதை வச்சு வெட்டு."

"ஆள் மேலதான் அளவெடுக்கணும்னு டீச்சர் சொல்லியிருக்காங்க."

"எல்லாம் ஒண்ணுதான் போ."

அக்கா கொடுத்தது அறுவைக்கு முந்தைய சட்டை.

"அது பழைய சட்டைன்னு எனக்குத் தெரியும் மாமா," என்றாள் வாண்டு. "அம்மாவுக்கும் தெரியும். ரெண்டு பேரும் தெரியாத மாதிரியே இருந்துட்டோம்."

அளவு சரிபார்க்கத் தற்காலிகமாக ஓட்டுத்தையல் போட்டுக் கொடுத்தபோதும் அக்கா கதவைச் சாத்திக்கொண்டு போட்டுப் பார்த்தாள். உள்ளிருந்தே சொன்னாள்: "அம்சமா இருக்கு."

3

தேர்வாளர் வேறு பள்ளியிலிருந்து வந்தவர். மணிக்கட்டில் குண்டூசி குத்திவைக்கும் சின்ன மெத்தை. அக்காவை அறையின் நடுவில் நிற்க வைத்து, காலரை இழுத்தார், தோள் தையலைத் தடவினார், தலையை ஆட்டினார். வாண்டுவுக்கு மூச்சு வந்தது.

"கையைத் தூக்குங்கம்மா."

தூக்கினாள். உள்ளே இருந்த பஞ்சும் கூடவே மேலே ஏறியது. கையை இறக்கினாள். பஞ்சு இறங்கவில்லை.

மார்பு வளைவுக்காகத் துணியை மடித்துத் தைப்பார்களே, டார்ட், அது இடது பக்கம் காற்றில் நின்றது. அதற்கு மேலே தோள்பட்டைப் பக்கம் ஒரு மேடு. அதைச் சரிசெய்யக் குண்டூசியோடு வந்த தேர்வாளரின் விரல், தொட்டதும் பின்வாங்கியது. பின் வரிசையில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். இன்னொருத்தி அவளை இடித்தாள்.

"அளவு யார் எடுத்தது?" தேர்வாளர் குரலைத் தணித்துத்தான் கேட்டார்.

வாண்டு சத்தமாகச் சொன்னாள்: "நான்தான் மேடம். தப்பா எடுத்துட்டேன். வெட்டினதும் கோணல்."

இந்த இடத்தில் நான் அக்காவைப் பேசவைத்திருந்தேன். 'என் மகள்மேல் தப்பில்லை' என்று தொடங்கி அரைப் பக்கம். முடிவில் வகுப்பே எழுந்து நின்றது. அந்த முதல் வரைவை அக்காவிடம் காட்டினேன். படித்துவிட்டுக் கேட்டாள்:

"யாருடா இவ? எனக்குப் பழக்கமில்லாத பொம்பளையா இருக்காளே."

"நீ ஒண்ணுமே பேசலையா?"

"பேசினேன். பாத்ரூம் எங்கேன்னு கேட்டேன்."

(அரைப் பக்கத்தை அடித்துவிட்டேன்.)

வாண்டு தேறிவிட்டாள். தையல் சுத்தத்துக்கு முழு மதிப்பெண்; பொருத்தத்துக்கு ஒன்றுமில்லை. அவள் ஆசைப்பட்ட துணியியல் கல்லூரி செய்முறை மதிப்பெண்ணைப் பார்த்துத்தான் ஆள் எடுக்கும். எடுக்கவில்லை.

4

கல்லூரியில் சேர்க்கப்பட்டவர்களின் பட்டியல் வந்த அன்றுதான் பேருந்து நிறுத்தத்தில் அழுதாள். "அம்மாவுக்காகத்தானே விட்டுக்கொடுத்தே, பெரிய மனசுடி உனக்கு," என்று தேற்றப் பார்த்தேன். அழுகை கூடியது.

"அப்படிச் சொல்லாதீங்க மாமா. நான் அம்மாவக் காப்பாத்தல."

"பின்னே?"

"பின்னாடி சிரிச்சாங்கள்ல. அவங்களுக்கு விஷயம் தெரிஞ்சிடக்கூடாதுன்னுதான் சொன்னேன். அந்த நிமிஷம், இவங்க என் அம்மாவா இல்லாம, தெருவுல போற யாரோவா இருந்தா நல்லாயிருக்கும்னு இருந்துச்சு." முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டாள். "வீட்டுக்கு வந்ததும் அம்மா கட்டிப்பிடிச்சு, எனக்காக மார்க்க விட்டுட்டியேன்னு சொன்னாங்க. நான் மரம் மாதிரி நின்னேன். அவங்ககிட்ட சொல்லிடாதீங்க மாமா."

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்கைக் காப்பாற்றத்தான் முதல் வரைவில், தாய்ப்பாசத்தால் மகள் பழியை ஏற்றாள் என்று எழுதினேன்.

5

அந்த வரியில் அக்கா விரலை வைத்தாள்.

"இதை அடி."

"ஏன்க்கா?"

"நான் அவ முகத்தைப் பார்த்தேன்டா. என் பக்கம் திரும்பவே இல்ல. பின்னாடி இருந்த பொண்ணுங்களையே பார்த்துட்டிருந்தா."

"தெரிஞ்சுமா கட்டிப்பிடிச்சே?"

"வேறென்ன செய்யச் சொல்றே? பழைய சட்டையைக் குடுத்து அவளை அங்க நிக்கவச்சது நான். டேப்பை ஒரு தடவை சுத்த விட்டிருந்தா முடிஞ்சிருக்கும். பெத்த பொண்ணுகிட்ட கூசினேன்." பக்கங்களைத் தட்டி அடுக்கினாள். "எனக்குத் தெரியும்னு அவகிட்ட சொல்லிடாதே. உசுரை விட்டுடுவா."

6

முடிவுகள் பலவற்றை எழுதிப் பார்த்தேன். ஒன்றில், அக்கா கதவைத் திறந்து வைத்து, "வா, இப்போ எடு" என்கிறாள். மகள் டேப்போடு உள்ளே போகிறாள். (உங்களுக்குப் பிடிக்கும். எனக்கும் பிடித்தது. நடக்கவில்லை.) இன்னொன்றில், வாண்டு மறுதேர்வுக்கு என் மனைவியின் அளவில் சட்டை தைத்து முழு மதிப்பெண்

(வேண்டாம்.)

கதையை வெளியிடலாமா என்று இருவரையும் தனித்தனியாகக் கேட்டேன். இருவரும் ஒரே பதில்தான் சொன்னார்கள்: "அவங்க படிக்காம இருந்தா சரி", "அவ படிக்காம இருந்தா சரி."

அச்சுக்குப் போனால் இருவரும் படிப்பார்கள். போகாவிட்டால், ஒரே வீட்டில், ஒரே பொய்யை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். எழுத்தாளனின் தைரியம் என்று ஒன்று உண்டு என்கிறார்கள். என்னிடம் இருந்தது அதுவல்ல; இரண்டு பேரின் ரகசியத்தையும் சுமந்துகொண்டு அந்த வீட்டில் சோறு தின்ன முடியாத கூச்சம்.

அதனால் போன ஞாயிற்றுக்கிழமை, நீங்கள் இதுவரை படித்த பக்கங்களை எடுத்துக்கொண்டு அங்கே போனேன். வாண்டு தலையணை உறை தைத்துக்கொண்டிருந்தாள். அக்கா அடுப்படியில். துணி வெட்டும் மேசைமேல் பக்கங்களை வைத்து, மின்விசிறிக்குப் பறக்காமலிருக்கக் கத்தரியைத் தூக்கி மேலே வைத்தேன். "வரேன்க்கா" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினேன்.

படிக்கட்டில் பாதி இறங்கியபோது மிஷின் சத்தம் நின்றது. கத்தரியை நகர்த்துவது கேட்டது. பிறகு அக்காவின் குரல்: "என்னடி அது?"

பதில் வருவதற்குள் நான் வேகமாக இறங்கித் தெருவுக்கு வந்துவிட்டேன். நின்றிருந்தால் கேட்டிருப்பேன். கேட்டிருந்தால் அதையும் எழுதியிருப்பேன்.

நீங்கள் வேண்டுமானால் நின்று கேளுங்கள்.