திங்கட்கிழமை கூப்பிடு

மாதத்தில் இரண்டே நாள்தான் அவர் எனக்கு மேஜர். மற்ற நாள்களில் டுவைட் ஹாகன்சன் எங்கள் மாநில செனட்டர், சட்டங்களை அலசும் நீதிக் குழுவின் தலைவர். பயிற்சி வரும் சனி ஞாயிறுகளில் தேசியக் காவல்படைக் கூடத்தில் படை வக்கீலாகச் சீருடையோடு உட்கார்ந்து, வெளிநாடு போகும் சிப்பாய்களுக்கு உயில் எழுதித் தருவார். நான் அவருக்கு உதவும் சார்ஜென்ட். படிவங்களை அடுக்குவேன், சாட்சிக் கையெழுத்துப் போடுவேன்.

சீருடையில் அரசியல் பேசக் கூடாது என்பது விதி. மற்றவர்கள் அதை ஒப்புக்குப் பின்பற்றுவார்கள். இவரோ யாராவது ‘செனட்டர்’ என்று கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். எனக்கு அதில் ஏகப் பெருமை. ‘இங்கே அரசியல் வேண்டாம்’ என்று அட்டை எழுதி மேசைமேல் வைத்ததே நான்தான்.

குவைத்துக்குப் புறப்படும் அணியில் கோரி வாண்டர்வீன் கடைசியாக வந்தான். லாரி ஓட்டுபவன். நாலு வயது மகள் எல்சி. போதை மாத்திரையில் விழுந்த அவள் தாய் எப்போதோ வீட்டை விட்டுப் போய்விட்டாள். தனக்கு ஏதாவது ஆனால் பிள்ளையை அக்கா ஜோலின் வளர்க்க வேண்டும் என்று எழுதச் சொன்னான். மேஜர் பேனாவைக் கீழே வைத்து உள்ளதைச் சொன்னார்: நீதிபதி இந்தக் காகிதத்தைப் பார்க்க வேண்டிய கட்டாயமில்லை, பிள்ளை தாயிடம்தான் போகும்.

“அதை மாத்த ஒரு மசோதா இருக்காமே சார். உங்க குழுவுலதான் கிடக்குதுன்னு அக்கா சொன்னா. எடுப்பீங்களா?”

அவர் என்னைப் பார்த்தார். நான் அந்த அட்டையை விரலால் அவன் பக்கம் நகர்த்தினேன்.

“தம்பி, இந்தச் சட்டையில நான் அதைப் பேசக் கூடாது. திங்கட்கிழமை ஆபீசுக்குக் கூப்பிடு.”

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு அவர்களுடைய பேருந்து. அது எங்கள் இருவருக்கும் தெரியும்.

வழியில் எங்கிருந்தோ கூப்பிட்டிருக்கிறான். ஆபீஸ் திறந்திருக்கவில்லை. பதிவான குரலை யாரோ கேட்டு, ‘குடும்பச் சட்டம்’ என்று குறித்து அடுக்கில் போட்டுவிட்டார்கள். மசோதாவை எதிர்த்தவர்கள் அவருடைய சொந்தக் கட்சிக்காரர்கள். தேர்தல் வேறு நெருங்கியிருந்தது. அவரும் அதைத் தொடவில்லை.

நவம்பரில் குவைத்தில் கோரியின் லாரி கவிழ்ந்து அவன் இறந்தான். அடக்கத்தின்போது சவப்பெட்டிமேலிருந்து எடுத்து மடித்த கொடியை ஜோலினிடம் கொடுத்தது மேஜர்தான். எல்சி அதை யாருக்கும் தராமல் மடியில் வைத்துக்கொண்டாள். பத்து நாளில் தாய் வந்து அவளைக் கூட்டிப்போனாள். நீதிபதி உயிலைப் பிரிக்கவே இல்லை. பிறகு அந்தத் தாய் எந்த ஊரில் இருக்கிறாள் என்பதே தெரியவில்லை.

ஜனவரியில் சபை கூடியதும் மசோதா மூன்றே நாளில் நிறைவேறியது. கோரியின் பெயரையே அதற்கு வைத்தார்கள். பழைய வழக்குகளுக்கு அது செல்லாது. கவர்னர் கையெழுத்துப் போடும் நாளில் பக்கத்தில் நிற்க ஜோலினை அழைத்திருந்தார்கள். நான்தான் காரில் கூட்டிப் போனேன். சீருடையில் பேசக் கூடாது என்று மேஜர் சொன்னதைக் கோரி அவளிடம் அப்போதே சொல்லியிருந்தான்.

படம் பிடித்து முடிந்ததும், கையெழுத்துப் போட்ட பேனாக்களில் ஒன்றை நினைவுப் பரிசாக ஹாகன்சன் அவளிடம் நீட்டினார். அன்று அவர் கோட்டும் டையுமாக இருந்தார். அவள் அந்தக் கோட்டை ஏற இறங்கப் பார்த்தாள்.

“இன்னிக்குப் பேசலாமா சார்?”

“தாராளமாப் பேசும்மா.”

“அப்ப எல்சி எங்கே இருக்கான்னு சொல்லுங்க.”

அவர் கண்கள் என்னைத் தேடின. அந்த அட்டையை நகர்த்திய விரல் என்னுடையது. ஜோலின் பேனாவை மேசையில் வைத்துவிட்டு நடந்தாள். நான் கார் சாவியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.