போன் போட்டாச்சு

எல்டன், சூயி, ராய்ஸ் மூன்று பேருக்கும் நடுவில் பதினோரு வருஷமாக ஒரு வேலைப் பிரிவினை உண்டு. வேட்டையில் எங்கே உட்காருவது, விலங்கை வரவழைக்கிற சத்தப்பெட்டியில் எந்த அலறலைப் போடுவது என்பதெல்லாம் எல்டன் பொறுப்பு. வண்டி ஓட்டுவதும் பெண்டாட்டி ரொட்டியில் பீன்ஸ் வைத்துச் சுற்றிக் கொடுத்த புரிட்டோக்களைக் கொண்டு வருவதும் சூயி பொறுப்பு. ராய்ஸுக்கு ஒரே ஒரு வேலைதான். கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் வனவிலங்குத் துறைக்குப் போன் போட்டு, போகப்போகிற பகுதியில் பூமா என்கிற மலைச்சிங்க வேட்டை இன்னும் திறந்திருக்கிறதா என்று கேட்க வேண்டும். ஒரு பகுதிக்கு வருஷத்துக்கு இத்தனை சிங்கம் என்று ஒரு வரம்பு உண்டு. அது முடிந்துவிட்டால் அடுத்து வருகிற புதன்கிழமை சூரியன் மறைவதோடு அந்தப் பகுதியை மூடிவிடுவார்கள். அதற்குப் பிறகு அங்கே சுட்டால் அதற்குப் பெயர் வேட்டை இல்லை, திருட்டு.

இதைவிடச் சுலபமான வேலையை யாராலும் கொடுக்க முடியாது. அந்தப் புண்ணியவான் அதைத்தான் செய்யவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் முழுக்க ராய்ஸ் மாட்டுத்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். பிறகு சாப்பிட்டான், தூங்கினான். வெள்ளிக்கிழமை விடிந்தும் விடியாமலும், மாடு தாண்டாதபடி சாலையில் பதித்திருந்த இரும்புக் குழாய்கள்மேல் சூயியின் வண்டி தடதடவென்று ஏறி இறங்கியபோதுதான் அவனுக்கு நினைவு வந்தது. போனை எடுத்துப் பார்த்தான். அந்தக் குழாய்களைத் தாண்டினால் சிக்னல் கிடையாது என்பது ஊருக்கே தெரியும்.

அந்த நேரம் பார்த்து முன்சீட்டிலிருந்த எல்டன் திரும்பாமலே கேட்டான்.

"போன் போட்டியா?"

"போட்டாச்சு. திறந்துதான் இருக்கு."

யோசித்துச் சொன்ன பொய்கூட இல்லை, வாயிலிருந்து தானாக வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. போன வாரம் இதே இடத்துக்குக் கிளம்ப இருந்தார்கள், சூயியின் பல்வலியால் நின்றுபோயிற்று. அப்போது ராய்ஸ் ஒழுங்காகப் போன் போட்டிருந்தான், திறந்துதான் இருந்தது. ஒரு வாரத்தில் என்ன குடி முழுகிவிடப்போகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். உண்மையான காரணம் வேறு. போன வருஷம் அவன் தோட்டா எடுக்காமல் வேட்டைக்கு வந்துவிட்டான். அதைச் சூயி இரண்டு கல்யாண வீட்டிலும் ஒரு துக்க வீட்டிலும் நடித்துக் காட்டிவிட்டான். இப்போது வண்டியை நிறுத்தச் சொன்னால் இந்த வருஷத்துக்கும் கதை கிடைத்துவிடும். ஐம்பத்தாறு வயதில் கேலிக்குப் பயந்தான் ராய்ஸ். அவ்வளவுதான் விஷயம்.

எல்டன் தலையாட்டிவிட்டு மறுபடி ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்தான். வேறு ஒருவன் சொல்லியிருந்தால் இரண்டாம் தடவை கேட்டிருப்பான். அவன் சட்டத்தை ஒரு எழுத்துகூடத் தாண்டாத ஆள். புதிதாக வேட்டை லைசென்ஸ் எடுக்கிறவர்களுக்கு இருபத்திரண்டு வருஷமாக, சம்பளம் வாங்காமல், சனிக்கிழமைதோறும் தீயணைப்பு நிலையத்தில் வகுப்பு எடுப்பவன். அந்தத் தாலுகாவில் துப்பாக்கி பிடித்தவர்களில் பாதிப்பேர் அவனிடம் படித்தவர்கள். சூயி அவனை 'வாத்தியாரே' என்றுதான் கூப்பிடுவான். அப்படிப்பட்ட வாத்தியார் ஒரு சிங்கத்தைக்கூடச் சுட்டதில்லை. பதினோரு வருஷத்தில் தொண்ணூறு தடவையாவது ஜூனிப்பர் மரத்தடியில் துணியால் முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ஓநாய் நரி வந்திருக்கிறது, காட்டுப்பூனை வந்திருக்கிறது. ஒரு தடவை அடுத்த பண்ணைக்காரனின் கழுதை வந்தது. சிங்கம் மட்டும் வரவே இல்லை.

அன்றைக்கு ஒரு பள்ளத்தாக்கின் வாயில் உட்கார்ந்தார்கள். எதிரே படிப்படியாகச் சிவப்புப் பாறை. முப்பது அடி தள்ளிச் சத்தப்பெட்டியை வைத்துவிட்டு, எல்டன் மான்குட்டி அலறும் சத்தத்தை மெதுவாக ஏற்றினான். நரியைக் கூப்பிடுகிறவன் கால் மணி நேரத்தில் எழுந்து போகலாம். சிங்கத்துக்கு ஒரு மணி நேரமாவது அசையாமல் இருக்க வேண்டும். அது அவசரப்படாது, நின்று நின்று பார்த்துத்தான் வரும்.

சிங்கம் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டு அலறல் சத்தத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்த வேட்டைக்காரன் அந்த மாநிலத்திலேயே ராய்ஸ் ஒருவனாகத்தான் இருப்பான். பதினோரு வருஷமாக வராதது இன்றைக்கா வந்துவிடப்போகிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டான். அரை மணி நேரம் போயிற்று. ஐம்பது நிமிடம் ஆயிற்று.

அவன் கண்ணில்தான் முதலில் பட்டது. இரண்டாவது படிப் பாறையில், ஒரு நிமிடம் முன்பு வெறும் கல்லாக இருந்த இடத்தில், காது இரண்டும் தெரிந்தன. பெரிய சிங்கம். சத்தம் வந்த திசையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

ராய்ஸ் கணக்குப் போட்டான். இருமினால் போதும், கையை அசைத்தால் போதும், அது வந்த வழியே போய்விடும். எல்டனுக்குத் தொண்ணூற்றோராவது தடவையும் வெறுங்கை, அவ்வளவுதான். இருமியிருக்கலாம். ஆனால் எல்டனின் துப்பாக்கி மெல்ல, மிக மெல்லத் திரும்புவதைப் பார்த்தான். எல்டனும் பார்த்துவிட்டான். இப்போது இருமினால் ஏன் இருமினாய் என்று ஆயுசுக்கும் கேட்பான் சூயி. ராய்ஸ் இருமவில்லை.

எல்டன் உடனே சுடவும் இல்லை. பின்னால் குட்டி எதுவும் வருகிறதா என்று ஒரு முழு நிமிடம் பாறைகளைத் துழாவினான். வகுப்பில் என்ன சொல்வானோ அதைத்தான் செய்தான். குட்டி இல்லை என்று நிச்சயமான பிறகு ஒரே ஒரு தோட்டா. சிங்கம் உட்கார்ந்த இடத்திலேயே சரிந்தது.

சூயி எல்டனைக் கட்டிப்பிடித்துத் தரையிலிருந்து தூக்கிவிட்டான். எல்டன் தன்னை விடுவித்துக்கொண்டான். பாறைமேல் ஏறி, சிங்கத்துக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, அதன் முன்னங்காலைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு அழுதான். சிங்கத்துக்கென்று வாங்கி வைத்திருந்த அனுமதிச் சீட்டில் தேதியை எழுதினான். ராய்ஸைப் பார்த்து, மேட்டு உச்சிக்குப் போனால் சிக்னல் கிடைக்கும், மார்ஜீனுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வா என்றான். மார்ஜீன் அவன் மனைவி.

ராய்ஸ் மூச்சு வாங்க ஏறினான். உச்சியில் நின்றதும் முதலில் துறையின் எண்ணைத்தான் அழுத்தினான். திறந்திருக்கும், திறந்திருக்கும் என்று உதடு முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. பதிவு செய்த பெண்குரல் பகுதிகளின் எண்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தது. அவர்களுடைய பகுதி வந்தது. புதன்கிழமை சூரிய அஸ்தமனத்தோடு மூடப்பட்டது.

அப்படியே கல்லில் உட்கார்ந்துவிட்டான். கீழே இரண்டு பேரும் சிங்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தது சின்னதாகத் தெரிந்தது. அப்போதே இறங்கிப் போய்ச் சொல்லியிருந்தால் அவன் ஒரு முட்டாள், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. முட்டாளை மன்னிக்க எல்டனுக்குத் தெரியும். ஆனால் அவன் என்ன செய்தான்? மார்ஜீனுக்குப் போன் போட்டான். குரலில் சந்தோஷத்தை வரவழைத்துக்கொண்டு, உன் புருஷன் சாதித்துவிட்டான் என்றான். அவள் சிரித்தாள், உடனே அழுதாள், தேவாலயத்தில் எல்லோருக்கும் சொல்லிவிடுகிறேன் என்றாள். சொல்லு, தாராளமாகச் சொல்லு என்றான் ராய்ஸ். சே, என்ன பிழைப்பு இது என்று அவனுக்கே தோன்றியது. தோன்றி என்ன பிரயோஜனம்?

இறங்கி வந்தவன் வாயைத் திறக்கவில்லை. தோலை உரிக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. கால் பிடிக்கச் சொன்னபோது பிடித்தான், போட்டோ எடுக்கச் சொன்னபோது எடுத்தான். உன் முகத்தில் ஏன் ஈயாடவில்லை, பொறாமையா என்று சூயி கேட்டதற்கு ஆமாம் என்று சொல்லிவைத்தான். எல்டன் தன் பங்குப் புரிட்டோவைப் பாதி பிய்த்து ராய்ஸுக்குக் கொடுத்தான். ராய்ஸ் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

திரும்பும்போது இரும்புக் குழாய்களைத் தாண்டியதுமே எல்டன் வண்டியை நிறுத்தச் சொன்னான். சுட்டதைத் துறைக்குத் தெரிவிக்க இரண்டு நாள் அவகாசம் இருக்கிறது. இரண்டு மணி நேரம்கூடத் தள்ளிப்போடுகிற ஆள் இல்லை அவன். மூன்று பேருக்கும் கேட்கும்படி போனை ஸ்பீக்கரில் போட்டு வண்டியின் பானட்மேல் வைத்துவிட்டுப் பெயர், லைசென்ஸ் எண், ஆண் சிங்கம், இன்ன இடம் என்று கணீரென்று சொன்னான். அவன் குரலில் அப்படியொரு பெருமையை ராய்ஸ் கேட்டதே இல்லை.

அந்தப் பக்கம் இருந்த பெண் கொஞ்சம் தயங்கினாள். "சார், அந்த ஏரியா புதன்கிழமையே மூடியாச்சே. கிளம்பறதுக்கு முன்னாடி போன் போட்டுக் கேட்டீங்களா?"

எல்டன் தலையை நிமிர்த்தி ராய்ஸைப் பார்த்தான். கோபமாகப் பார்க்கவில்லை. ஏதோ தப்பு நடந்திருக்கிறது, நீ சொல்லு, அவளுக்குப் புரியவை என்கிற மாதிரிப் பார்த்தான். ராய்ஸ் சாலையில் பதித்த குழாய்களைப் பார்த்தான். ஏழு குழாய்கள் இருந்தன. மறுபடி எண்ணினான்.

"இல்லீங்க," என்றான் எல்டன். "நான் போடல."

"வேற யாராவது கேட்டுச் சொன்னாங்களா சார்?"

"இல்ல. சுட்டது நான். கேட்டிருக்க வேண்டியதும் நான்தான்."

மூன்றடி தூரத்தில்தான் நின்றிருந்தான் ராய்ஸ். நான்தான், என்மேல்தான் தப்பு என்று கத்தினால் அந்தப் பெண்ணுக்குத் தெளிவாகக் கேட்டிருக்கும். அவன் மூன்றாம் தடவையாகக் குழாய்களை எண்ணினான். போன் அணைந்தது.

சூயிதான் முதலில் பேசினான். "நீ போட்டேன்னு சொன்னியேடா." சூயி ராய்ஸின் சட்டையைப் பிடிக்கப் போனான். விடு சூயி என்றான் எல்டன், சூயி விட்டுவிட்டான்.

மத்தியானம் ஒரு மணி வாக்கில் துறை அதிகாரி அங்கேயே வந்தான். முப்பது வயது இருக்கும். பன்னிரண்டு வயதில் எல்டனிடம் வகுப்புக்கு வந்தவன்தான் அவனும். தோலையும் தலையையும் துப்பாக்கியையும் வாங்கிக்கொண்டு, லைசென்ஸைப் பற்றி நீதிபதிதான் முடிவு செய்வார் என்றான். அது முடியும்வரை வகுப்பும் எடுக்கக்கூடாது என்றான். இதையெல்லாம் தன் காகிதத்தைப் பார்த்தபடியே சொன்னான். எல்டன் பர்ஸிலிருந்த வகுப்பு அடையாள அட்டையை எடுத்து அவனாகவே நீட்டினான். "சார், இங்க ஒரு கையெழுத்து," என்று கேட்டபோதும் அந்தப் பிள்ளை தலையை நிமிர்த்தவில்லை.

அவன் போன பிறகு ராய்ஸ் வாயைத் திறந்தான். தானே போய் உண்மையைச் சொல்லிவிடுவதாக ஏதோ உளறினான்.

"அதனால ஒண்ணும் மாறாது," என்றான் எல்டன். "காலித் துப்பாக்கின்னு எவன் கொடுத்தாலும் நம்பாதே, நீயே திறந்து பாருன்னு இருபத்திரண்டு வருஷமா சொல்லிக் கொடுக்கறேன். நான் திறந்து பார்க்கல. அது என் தப்பு." பிறகு கேட்டான். "மேட்டுக்குப் போனியே, அப்பவே தெரியுமா உனக்கு?"

ராய்ஸ் தலையாட்டினான்.

"தெரிஞ்சிருந்துமா மார்ஜீனுக்குப் போன் போட்ட?"

எல்டன் ஓங்கி ஓர் அறை விட்டிருந்தால் ராய்ஸ் வாங்கிக்கொண்டிருப்பான், சந்தோஷமாகவே வாங்கிக்கொண்டிருப்பான். எல்டன் அறையவில்லை. வண்டியில் ஏறி உட்கார்ந்து, முன்பக்கம் பார்த்தபடி சொன்னான்.

"நாளைக்கு கிளாஸ் இருக்கு. பதினாலு பேர். நீ போய் நான் வரமாட்டேன்னு சொல்லிடு."

"ஏன்னு கேட்டா?"

"உனக்குத் தெரிஞ்சதைச் சொல்லு."

சனிக்கிழமை ஒன்பது மணிக்குத் தீயணைப்பு நிலையத்தில் மடக்கு நாற்காலிகள் போட்டிருந்தன. பதினாலு பேரும் வந்திருந்தார்கள். எல்டனுக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு ஓடி வந்துவிடலாம் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்திருந்தான் ராய்ஸ். பொய் சொல்வதில் ஏற்கெனவே கை தேர்ந்தவன், இதில் என்ன கஷ்டம்? முன்னால் போய் நின்றான். எல்லோரும் பேனாவை எடுத்துக்கொண்டு அவன் முகத்தைப் பார்த்தார்கள். அவன் ஏதோ பாடம் நடத்தப்போகிறான் என்று நினைத்துவிட்டார்கள்.

அந்தப் பேனாக்களைப் பார்த்ததும் காய்ச்சல் வாயில் வரவில்லை. முதலில் திக்கித் திக்கி, பிறகு நிறுத்தத் தெரியாமல், மோட்டாரில் ஆரம்பித்து மார்ஜீன் அழுதது வரைக்கும் சொன்னான். குழாய்களை எண்ணிக்கொண்டு நின்றதையும் விடவில்லை. காது மடல் எரிந்தது. சொல்லி முடிக்கும்வரை ஒருவர்கூட எழுந்து போகவில்லை.

முன்வரிசையில் ஓரிலா என்கிற அம்மாள் உட்கார்ந்திருந்தார். எழுபது வயது, ஆடு வளர்ப்பவர், முதல்முறையாக லைசென்ஸ் எடுக்க வந்திருந்தார். கையை உயர்த்தினார். குத்திக்காட்டுகிற குரல் இல்லை அது. தெரியாததைத் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"அந்தப் போன் பேச எவ்வளவு நேரம் ஆகும்ப்பா?"

ராய்ஸ் அவர் மடியிலிருந்த நோட்டைப் பார்த்தான்.

"ஒரு நிமிஷம்மா," என்றான். "ஒரு நிமிஷம்கூட ஆகாது."

ஓரிலா குனிந்து அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார்.