மூணாவது கோர்ட்

கம்பளம் விரித்து, நாற்காலிகளை வரிசை பிடித்துப் போட்டு, நான் இடுப்பில் கை வைத்து நிமிர்ந்த பிறகுதான் அரங்க அதிகாரி புவான் ரொஹானா வந்து சொன்னார், மூணாவது பூப்பந்துக் கோர்ட்டில் விழுந்து செத்த பையனுடைய அம்மா அப்பா வருகிறார்களாம். பட்டமளிப்பு ஒத்திகையின் தேநீர் இடைவேளையில் உள்ளே விட வேண்டுமாம். சாமி கும்பிடலாம், நெருப்பு மட்டும் கூடவே கூடாதாம், கூரையில் புகை மணி இருக்கிறதாம். எனக்கு வந்த எரிச்சலைக் கேட்காதீர்கள். நேற்றே சொல்லித் தொலைத்திருந்தால் அந்த ஒரு கோர்ட்டை மட்டும் மூடாமல் விட்டிருப்போமே! அதிகாரிகளுக்கு எல்லாம் கடைசி நேரத்தில்தான் ஞாபகம் வரும்.

எங்கள் கல்லூரி அரங்கத்துக்கு இருப்பது ஒரே தரைதான். மேலே எதைப் போடுகிறோமோ அதுவாக ஆகிவிடும். மேசை போட்டால் பரீட்சை மண்டபம், வட்ட மேசை போட்டால் விருந்து மண்டபம், வலை கட்டினால் பூப்பந்து. இந்த வாரம் பட்டமளிப்பு. செங் வட்டாரத்து மின்னணுத் தொழிற்சாலையில் கண் போய்விடும்போல இருக்கிறதென்று விட்டுவிட்டு இங்கே துப்புரவு வேலைக்கு வந்தவள் நான். விரிப்பதும் சுருட்டுவதுமாகவே காலம் போகிறது. அந்தப் பையன் யுகேந்திரன் ஆடும்போதும் பார்த்திருக்கிறேன், விழுந்தபோதும் பார்த்தேன். பந்தை அடிக்கக் கை ஓங்கியவன் ஓங்கியபடியே மடங்கி விழுந்தான். பிறவியிலேயே இதயத்தில் ஏதோ கோளாறாம், யாருக்கும் தெரியாதாம். "ஆன்ட்டி, பசியாறிட்டீங்களா?" என்று காலையில் கேட்டுவிட்டுப் போன பிள்ளை. கொஞ்ச நாள் அந்தக் கோர்ட்டில் யாரும் ஆடவில்லை. பிறகு போட்டி வந்தது, இடம் போதவில்லை, ஆடத் தொடங்கிவிட்டார்கள். யாரைக் குறை சொல்ல?

அலோர் காஜாவில் ஜேமாம், வண்டிகள் நகரவில்லையாம். புலாவ் செபாங்கில் இருக்கும் வீட்டிலிருந்து அவர்கள் வந்து சேர்ந்தபோது தேநீர் இடைவேளை முடியப் போகிற நேரம். பையனின் அப்பா காளிதாஸ் தாம்பாளம் ஏந்தியிருந்தார். வெற்றிலை, எலுமிச்சம்பழம், கொளுத்த முடியாத கற்பூரம். அவர் மனைவி தேவமலர் இரண்டு கைகளாலும் ஒரு பித்தளைச் செம்பை நெஞ்சோடு பிடித்திருந்தாள். மஞ்சள் தண்ணீர், அதில் ஒரு செம்பருத்தி. வாசலில் செருப்பைக் கழற்றும்போதுகூடச் செம்பைக் கணவரிடம் கொடுக்கவில்லை. ஒரு காலை மறு காலால் மிதித்து இழுத்தே கழற்றினாள்.

"பூசாரி சொன்னாருக்கா," என்றார் காளிதாஸ் என்னிடம். "விழுந்த எடத்துலயே நின்னு பெத்தவ அவன் பேரைச் சொல்லிக் கூப்பிடணுமாம். கூப்பிட்டா இந்தத் தண்ணியில வந்து எறங்கிடுவானாம். வந்துட்டான்னா பெத்தவளுக்குத் தெரியுமாம். அப்புறம் வீடு போய்ச் சேர்ற வரைக்கும் செம்பு தரையில படக் கூடாது. பட்டுச்சின்னா அங்கயே எறங்கிக்குவான்."

எனக்கு இதிலெல்லாம் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் பெற்ற வயிற்றிடம் போய் அதையா பேசுவது? அழைத்துக்கொண்டு போனேன். மூணாவது கோர்ட்டின் பின்மூலை மேடையிலிருந்து நடு வழிக்கு இடப்பக்கம், பட்டதாரிகளின் நாற்காலிகளுக்கு அடியில் இருந்தது. நாலைந்து நாற்காலிகளை நகர்த்திக் கம்பளத்தின் ஓரத்தைத் தூக்கினேன். பச்சைத் தரையில் வெள்ளைக் கோடு தெரிந்தது. "இங்கதாம்மா" என்றேன். தேவமலர் அதையே பார்த்தாள். இவ்வளவு சுத்தமாக இருக்குமென்று அவள் எதிர்பார்க்கவில்லை போலும். நான்தானே துடைத்தேன் என்று நினைக்க எனக்கே ஒரு மாதிரியாக இருந்தது.

காளிதாஸ் வெற்றிலையைப் பரப்பிக் கற்பூரத்தை வைத்தார். கூப்பிட வாயெடுத்தவள் நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"நான் கூப்பிட்டா வருவானாக்கா?"

"ஏம்மா இப்படிக் கேக்குற? அம்மா கூப்பிட்டா வராம இருப்பானா?"

"தங்கச்சி சடங்குக்கு வரல. மேட்ச் இருக்குமா, அடுத்த வாரம் வரேன்னான். எனக்கு ஆத்தாமை. சொந்தக்காரங்க எல்லாம் அண்ணன் எங்க, அண்ணன் எங்கன்னு கேக்குறாங்க. போன் போட்டு, ஆட்டந்தானே ஒனக்குப் பெருசு, அங்கயே கெட, வீட்டுப் பக்கம் வராதன்னு சொல்லிட்டேன். அதுக்கப்புறம் நான் பேசவே இல்லக்கா. அவன் போட்டான், நான் எடுக்கல."

என் வீட்டிலும் பிள்ளைகள் உண்டு. நாசமாய்ப் போ, தொலைந்து போ என்று நான் சொல்லாத நாள் உண்டா? நாம் சொன்னதையெல்லாம் அதுகள் கேட்டிருந்தால் இன்றைக்கு ஒன்றுகூட மிஞ்சியிருக்காது. "எல்லாத் தாயும் சொல்றதுதான்மா" என்றேன்.

"இவன் கேட்டுட்டானேக்கா" என்றாள்.

பிறகு கூப்பிட்டாள். "யுகேன்... யுகேந்திரா... அம்மா வந்திருக்கேன்டா. நான் சொன்னத மனசுல வெச்சுக்காதடா. வாய்யா, வீட்டுக்குப் போலாம்." அடங்கிய குரல். அவ்வளவு பெரிய கூரைக்குக் கீழே அது நாலு நாற்காலி தாண்டியிருக்காது. அந்த நேரம் பார்த்துப் பிள்ளைகள் அங்கியும் தொப்பியுமாகத் திரும்பி வரத் தொடங்கினார்கள். சிலர் எங்களைக் கண்டதும் பேச்சை நிறுத்திக்கொண்டு சுற்றிப் போனார்கள். இரண்டாம் முறையும் கூப்பிட்டாள். ஒலிபெருக்கி கரகரத்தது. மூன்றாம் முறை அவள் வாயைத் திறக்கும்போது மேடையில் அறிவிப்பாளர் என்சிக் பவுசி பெயர்ப் பட்டியலைப் படிக்கத் தொடங்கிவிட்டார்.

பெயர் விழுந்ததும் ஒரு பிள்ளை எழுந்து, படியேறி, குனிந்து வாங்கிக்கொண்டு இறங்கியது. அடுத்த பெயர், அடுத்த பிள்ளை. தேவமலர் திரும்பி நின்று அதையே பார்த்தாள். கூப்பிட்ட பெயருக்கெல்லாம் ஆள் எழுந்துகொண்டிருந்தது.

"அக்கா, அந்த மைக்குல ஒருவாட்டி கூப்பிடச் சொல்றீங்களா? இந்த எடத்து ஆளுங்க கூப்பிட்டாத்தான் அவன் ஓடி வருவான். எங்கிட்ட கோவம். இவங்ககிட்ட அவனுக்குக் கோவம் இல்ல."

"ஏய், என்னா பேசுற நீ? அவங்க வேலை நடக்குதுலா," என்று காளிதாஸ் அடக்கப் பார்த்தார். அவர் கண் மட்டும் என்னைக் கெஞ்சியது.

வேலை போனால் போகட்டும் என்று துடைக்கும் துணியைத் தோளில் போட்டபடியே மேடையேறினேன். தூரத்திலிருந்து புவான் ரொஹானா "கோமளா! கோமளா!" என்று கையாட்டினார். நான் அந்தப் பக்கமே திரும்பவில்லை. என்சிக் பவுசியின் காதோடு விஷயத்தைச் சொன்னேன். அவர் கீழே நின்றவளைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார். பிறகு பெயரைக் கேட்டார். மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, சரியாக வரும்வரை என்னிடம் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். நல்ல மனுஷன்.

"யுகேந்திரன் அனாக் லெலாகி காளிதாஸ்."

காளிதாஸின் மகன் யுகேந்திரன். கூரையில் மோதி மொத்த அரங்கத்திலும் அந்தப் பெயர் கேட்டது. பிள்ளைகள் யாரடா எழுந்திருக்கவில்லை என்று ஒருவரையொருவர் பார்த்தார்கள். தெரிந்தவன் எவனோ பின்வரிசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். மற்றவர்களுக்கு விடுகிற அதே இடைவெளியை என்சிக் பவுசி அவனுக்கும் விட்டார், ஒரு ஆள் நாற்காலியிலிருந்து படிவரை நடந்து வருகிற நேரம். படியைப் பார்த்தபடி நானும்தான் நின்றேன், வெட்கமில்லாமல். நம்பிக்கை இல்லாதவளாம் நான்!

பிறகு அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த பெயரைப் படித்தார். ஒரு மலாய்ப் பெண் எழுந்து போனாள். அவள் மேடையிலிருந்து இறங்கி வந்து உட்காரும்வரை தேவமலர் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"போலாம்" என்றாள்.

நான் இறங்கி வந்து கம்பள ஓரத்தை மறுபடி விரித்து, நாற்காலிகளை இழுத்துப் போட்டுவிட்டு அவர்கள் பின்னால் ஓடினேன். காளிதாஸ் தாம்பாளத்தோடு முன்னால் நடந்தார். "வந்துட்டான்ல? தெரிஞ்சிச்சில்ல?" என்று திரும்பித் திரும்பிக் கேட்டார். அவள் செம்பைப் பார்த்தபடியே நடந்தாள். "பாத்துப் புடி, கீழ பட்ரப் போவுது," என்றார். வெளியே வெயிலில் கண் கூசியது. அவர் வாசலிலேயே நின்ற காடியின் கதவைத் திறந்து, அவளுக்காகச் சீட்டைப் பின்னால் தள்ளிவிட்டு நின்றார்.

அவள் செருப்பு வார் வைத்தது. கழற்றுவது போல இல்லை, மாட்ட இரண்டு கையும் வேண்டும். நான் கையை நீட்டினேன். "குடும்மா, நான் புடிச்சிக்கிறேன்."

என் கையைப் பார்த்தாள். பிறகு குனிந்து, செம்பைச் செருப்பு அடுக்குப் பக்கத்தில் சிமெண்டுத் தரையில் வைத்தாள். சத்தம் வராமல்தான் வைத்தாள். ஆனாலும் காளிதாஸ் பார்த்துவிட்டார். கார் நிறுத்தத்துப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் படியில் உட்கார்ந்து வலது கால் வாரை இழுத்து மாட்டினாள். பிறகு இடது கால்.